மிஸ் யாருடைய மகள்?

நம் கடலோரத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. சுகாதாரப் பகுதியிலிருந்து யார் வந்து என்ன சொன்னாலும் சொன்னது இவர் காதில் ஏறாது. சொன்னவர் எந்தக் குடும்பம் என்பது முதலில் தெரிய வேண்டும். தடுப்பூசிக்குக் கை நீட்டுமுன் ஊசிக்காரரின் தகப்பன் பெயர் கேட்பார், கிணற்றுக்குக் குளோரின் போட வந்தவரை நிறுத்தி வைத்து எங்கே பெண் எடுத்தவர் என்று விசாரிப்பார், பாட்டன் பெயர் தெரியாதவர் கொடுத்த குளிசையோ தொண்டையோடு நின்றுவிடும். இப்படி ஒருவரை நீங்கள் பார்த்ததே இல்லையா?

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்தும் அபூதாஹிரைப் பாருங்கள், போதும். சுகாதாரப் பகுதிக்கு என்னென்ன வேலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெருநாய் பிடிக்க வேண்டும், மீன்சந்தை நாற்றத்தைப் போக்க வேண்டும், அடுத்த வீட்டுக் கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகை அடிக்க வேண்டும். புகை என்றால் கண்ணுக்குத் தெரிகிறதே. தன் முற்றத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய படகு? அது சொந்த விஷயம்.

அந்தப் படகில்தான், சுகாதாரப் பகுதியிலிருந்து டெங்கு பார்க்க வந்த அஸ்மியா மிஸ், தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிகளைக் கண்டார். உள்ளே அபூதாஹிரின் மனைவி ஸல்ஹா காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

"நானா, இந்தத் தண்ணிய ஊத்திட்டுப் படகக் கவிழ்த்து வைங்க. ராத்தாவ இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பாருங்க."

"அது இரிக்கட்டும். நீங்க ஆர்ர மகள்?"

"எனக்கு ஊர் இறக்கக்கண்டி. வாப்பா கடலுக்குப் போறவர்."

"இறக்கக்கண்டியில எங்களுக்கு ஆக்கள் இல்லியே," என்றார் அபூதாஹிர். தீர்ப்பு முடிந்தது. ஸல்ஹாவின் ரத்தம் ஸல்ஹாவிடமே இருந்தது.

அதற்காக வைத்தியமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். கட்டாரில் குளிரூட்டி திருத்தும் நஸ்ரி, பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்லிக் கைபேசியில் பேசி அனுப்பியிருந்தான். நஸ்ரிக்கு வைத்தியம் தெரியுமா? அந்தக் கேள்விக்கே இடமில்லை. நஸ்ரி அபூதாஹிரின் பெரியம்மா மகன். ஸல்ஹா சாற்றைக் குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். வயிறு முறுக்கியது. எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தபோது, இந்த மனிதருடைய சொந்தக்காரர் சேர்ந்து தன்னை அடக்கம் செய்துவிடுவார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்ச பாருங்க. அந்த மிஸ் ஆரெண்டு தெரியுமா? ஒங்கட ரபீக்கா மாமிட மூத்தவ இறக்கக்கண்டியில கலியாணம் முடிச்சாவே. அவட மகள்."

அபூதாஹிர் கதிரையை விட்டு எழுந்தார். "அதானே பாத்தன். அந்த மூக்கு மாமிட மூக்குத்தான். இதை முதலே சொல்லப்படாதா புள்ள?"

மண்ணுக்குப் போய்விட்ட ரபீக்கா மாமிக்கு மூத்தவள் என்று ஒருத்தி இருந்தாளா? அபூதாஹிர் யோசிக்கவில்லை. ஆட்டோ வந்தது, ரத்தம் பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கை விட்டுப் போயிருக்கும் என்று டொக்டர் ஏசினார். அபூதாஹிர் ஏச்சைப் பொருட்படுத்தாமல், நோயைக் கண்டுபிடித்தது தன் மாமியின் பேத்தி என்று ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கச் சொல்லித் திரிந்தார். சிறுபிள்ளையில் அவளைத் தூக்கி வளர்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஸல்ஹா தேறி வீடு வந்த அன்று தானே படகைக் கவிழ்த்துத் துடைத்தும் வைத்தார்.

அஸ்மியா மறுபடி வந்தபோது தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் தயாராக இருந்தன.

"மகள், ரபீக்கா மாமிட மவுத்துக்கு ஒங்கட உம்மா வந்தவவா?"

"அது ஆரு நானா? எங்கட குடும்பத்தில ரபீக்காவெண்டு ஒருத்தரும் இல்ல."

ஸல்ஹா கூரையைப் பார்த்தாள். அபூதாஹிர் தொதல் தட்டைப் பார்த்தார், பிறகு முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த படகை, விலை பேசி ஏமாற்றப்பட்டவர் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப ஆர்ர பேச்சக் கேட்டு நான் இதைக் கவிழ்த்தன்?"

"திரும்ப நிமித்திப் பாருங்க," என்றாள் ஸல்ஹா. "நான் உம்மா ஊட்ட போயிருவன்."

படகு இன்றுவரை கவிழ்ந்தே கிடக்கிறது. சுகாதாரப் பகுதி மேல் வந்த நம்பிக்கையால் அல்ல.

நீங்கள் சிரித்தீர்கள், நல்லது. ஆனால் ஸல்ஹா பிழைத்தது தெரிந்த பிறகும், அந்த அஸ்மியா உண்மையில் இறக்கக்கண்டியில் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லாமலே விட்டுவிட்டார்களே என்று உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருக்கிறதா? இருந்தால் எழும்பிப் போய் உங்கள் முற்றத்தை ஒருமுறை பாருங்கள். நேற்றும் மழை பெய்தது.