முதல் தரக் கர்ஜனை

அரசாங்கம் ஒரு நாள் திடீரென்று விழித்துக்கொண்டு, விலை உயர்ந்த கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் ஸ்டீரியோ காதுக்கு இனிமையாகத்தான் ஒலிக்கிறதா என்று கவலைப்பட ஆரம்பித்தது. குடிமக்களில் ஆயிரத்தில் ஒருவர்தான் அந்தக் கார்களைத் தொட்டுப் பார்த்திருப்பார். அதனால் என்ன? அந்த ஒருவர் ஏமாந்துவிடக் கூடாதல்லவா? ஆகவே ஒலித்தரக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஆணை வந்தது: இனிமேல் தரச்சான்று பெறாத எந்த ஸ்டீரியோவும் காருக்குள் பாடக் கூடாது.

அந்தத் துறையில் காதை வைத்துப் பிழைப்பு நடத்தியவர் ஒருவர்தான். அவரை எல்லோரும் காது சார் என்றே கூப்பிட்டார்கள். லாரி, பஸ் ஹார்ன்களைச் சோதிப்பது அவர் உத்தியோகம். வண்டிக்கு முன்னால் நிற்பார். டிரைவர் ஹார்ன் அடிப்பார். காது சார் துள்ளினால் ஹார்ன் தேறாது, துள்ளாவிட்டால் தேறிவிடும். வருஷக்கணக்கில் இப்படி நின்றதில் அவருக்குத் துள்ளுவதே மறந்துபோய், எல்லா ஹார்னும் தேற ஆரம்பித்தன. தேர்ச்சி விகிதத்தைக் கண்டு மேலிடம் பூரித்துப்போயிருந்தது.

அப்படிப்பட்ட அனுபவசாலியை விட்டால் ஸ்டீரியோவுக்கு வேறு யார்? வெயிலிலும் டீசல் புகையிலும் நின்றவருக்கு ஏ.சி. அறையும் சுழலும் நாற்காலியும் கிடைத்தன.

"முதல் கேஸே ஸ்போர்ட்ஸ் கார்," என்றார் துறை இயக்குநர் அன்பாக. "நல்லா பண்ணுங்க. சொதப்பினா திரும்ப ஹார்ன்தான்."

சங்கீதத்தில் காது சாருக்குத் தெரிந்ததெல்லாம், அது ஹார்ன் இல்லை என்பது மட்டுமே. நாலு பேரைக் கேட்டு, இப்போது நாகரிகமாகப் புழங்கும் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து வீட்டில் பழகிப் பார்த்தார்.

"நம்ம மிக்ஸியில பாஸ் கனமா இருக்கு. ஆனா ட்ரெபிள்ல கொஞ்சம் கசப்பு தட்டுது," என்றார் சமையலறை வாசலில் நின்று.

"அப்படியா? அப்ப நீங்களே வந்து இனிப்பா அரைங்க," என்றாள் மனைவி.

சோதனை நாளன்று கார் வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம். தரையோடு ஒட்டிக் கிடந்தது. மற்ற கார்களில் ஏறுவார்கள். இதில் இறங்க வேண்டியிருந்தது. கூடவே கம்பெனி மேனேஜரும் ஒரு மெக்கானிக்கும் வந்தார்கள். இயக்குநரும் காது சாரும் இருந்த சோதனைக் குழுவின் மூன்றாவது உறுப்பினராக ஒலி ரசனை நிபுணர் எழுந்தருளினார். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாதிரி அவர் கழுத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது. அதை அவர் மாட்டிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

எடுத்த எடுப்பிலேயே ஒரு சட்டச் சிக்கல். குழு உறுப்பினர் மூவரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. காரில் இருந்ததோ இரண்டு சீட்.

"விதியில கேட்கணும்னுதான் இருக்கு, உட்காரணும்னு இல்ல," என்று இயக்குநர் தீர்ப்பு சொல்லிவிட்டு ஸ்டியரிங் முன்னால் இறங்கினார். பக்கத்தில் நிபுணர். காது சார் வெளியே நின்று, முதுகை வில்லாக வளைத்து, ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் உள்ளே அனுப்பினார்.

பாட்டு ஆரம்பித்தது. நிபுணர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஹா! வயலின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கு பாருங்க."

"ஆமா, நாற்காலி நல்லாவே தெரியுது," என்றார் இயக்குநர்.

"ஒலியில ஒரு ஈரம் இருக்கு."

"சொட்டுது."

இருவரும் காது சாரின் தலையைப் பார்த்தார்கள். அவருக்குக் கழுத்து வலி மட்டும்தான் தெரிந்தது. "முதுகுத்தண்டு வரைக்கும் இறங்குது சார்," என்றார். அதுவும் பொய்யில்லை.

அடுத்து, ஓடும் நிலையில் கேட்க வேண்டும். மெக்கானிக் எட்டிப் பொத்தானை அழுத்தினான். கார் கர்ஜித்தது பாருங்கள்! சிங்கக் கூட்டம் ஒன்று சீட்டுக்கு அடியில் சண்டை போட்டதுபோல் இருந்தது. இயக்குநர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். ஹார்னுக்கு அசையாத காது சாரே துள்ளி, ஜன்னல் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார்.

"பாட்டு கேட்குதா?" என்று இயக்குநர் கத்தினார்.

"கேட்கல! ஆனா கேட்காததுலயும் ஒரு தெளிவு இருக்கு!" என்று நிபுணர் பதிலுக்குக் கத்தினார்.

மறுபடியும் இருவரும் காது சாரைப் பார்த்தார்கள். பொறுக்கி வந்த வார்த்தைகளெல்லாம் இடித்த இடியில் உதிர்ந்துவிட்டன. எதையாவது சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டுமே என்று, "ஸ்டீரியோவ அடியோட நிறுத்திட்டு, வெறும் இரைச்சல் எவ்வளவுன்னு ஒரு தடவை பார்த்துக்கலாம் சார்," என்றார்.

"ரூல்ல இருக்கா?"

"ஹார்னுக்கு இருக்கு சார்."

"அப்ப இதுக்கும் இருக்கும். ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்குப்பா."

மேனேஜர் முகம் வெளிறியது. "வேண்டாம் சார்... கார் மனசு வருத்தப்படும்."

அதற்குள் மெக்கானிக் பிடுங்கிவிட்டான்.

கர்ஜனை பட்டென்று நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஒரு முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது.

"என்னப்பா, வண்டி நின்னுபோச்சா?"

"ஓடுது சார்," என்று மெக்கானிக் ஆக்சிலரேட்டரைக் கையால் அமுக்கிக் காட்டினான். முணுமுணுப்பு கொஞ்சம் அவசரப்பட்டது. ஃபியூஸைச் செருகினான், சிங்கம். பிடுங்கினான், தையல்.

மேனேஜர் கையைப் பிசைந்தார். "இஞ்சின் சத்தம் போடக் கூடாதுன்னு உங்க துறைதான் சார் போன வருஷம் உத்தரவு போட்டுது. சத்தம் போடாத ஸ்போர்ட்ஸ் காரை எவன் வாங்குவான்? அதான் சத்தத்தை ஸ்டீரியோவுல வெச்சுட்டோம்."

"யாரு கையெழுத்து அந்த உத்தரவுல?"

"உங்க கையெழுத்துதான் சார்."

"நல்ல உத்தரவு," என்றார் இயக்குநர்.

காது சாருக்குச் சுருக்கென்றது. என்னதான் இருந்தாலும் ஹார்ன், ஹார்ன் மாதிரி நடித்ததில்லை. "சார், இது ஊரை ஏமாத்தற வேலை. சான்று கொடுக்கக் கூடாது."

"ஏமாத்தினது இஞ்சின். நாம சோதிக்க வந்தது ஸ்டீரியோ. மூணு நிபுணர்கள் காதைக் கொடுத்துக் கேட்டோம். மூணு பேரும் இஞ்சின்னு நம்பினோம். இதைவிட உயர்ந்த ஸ்டீரியோ எங்கேய்யா இருக்கு?"

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஈரம்னு," என்றார் நிபுணர்.

முதல் தரம் என்று சான்று எழுதப்பட்டது. காது சாரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் மனசு கேட்காமல், கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படி வாகனத்தின் கர்ஜனை முழுவதும் ஸ்டீரியோவினுடையது, இஞ்சினுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.' இதோடு கம்பெனி படுத்துவிடும், தானும் ஹார்னுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தார்.

அந்த வரி பத்திரிகைகளில் வெளிவந்தது. மறுநாள் ஷோரூம் வாசலில் கூட்டம் அலைமோதியது. சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று மேனேஜர் பின்வாசலைத் தேடினார். அவர்களோ, "கார் வேண்டாம் சார், கர்ஜனை மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் ஊரில் ஸ்கூட்டர்கள் கர்ஜித்தன. பெட்ரோல் போட வழியில்லாமல் வாசலில் நின்ற பழைய கார்கள், நின்ற இடத்திலேயே கர்ஜித்தன. காது சாருக்குப் பதவி உயர்வு வந்தது.

இயக்குநர் அதோடு விடவில்லை. "சத்தம்தான்யா ஜனங்களுக்கு வேணும்," என்று சொல்லி, பொதுமக்கள் காத்திருக்கும் ஹாலில் நான்கு ஸ்பீக்கர்கள் பொருத்தச் சொன்னார். கம்ப்யூட்டர் தட்டும் சத்தம், ஸ்டாம்ப் குத்தும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், நடுநடுவே "அந்த ஃபைலைச் சீக்கிரம் கொண்டாங்க!" என்று ஒரு குரல். காலையில் ஊழியர்கள் வந்தாலும் வராவிட்டாலும் சத்தம் வந்துவிடும். புகார்கள் பாதியாகக் குறைந்தன. வேகத்தையும் ஒலியையும் சரிபார்க்கும் பொறுப்பு காது சாருடையது.

ஒரு நாள், வீட்டு மாடியில் இரும்புப் பட்டறை நடக்கிறது என்று மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், அரை மணி நேரம் கண்ணை மூடி ஹால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து காது சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் வேலை எவ்வளவு வேகமா நடக்குது! நல்லா இருங்க சார். நடுவுல நான் வேற வந்து தொந்தரவு பண்ணக் கூடாது."

காது சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று காலையில்தான் அவர் வேகத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்திருந்தார். பெரியவரை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பினார்.

மனு பெரியவரின் சட்டைப்பையிலேயே இருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.