காணாமல் போன ஆவன்னா

கொள்கை உடையவனுக்கு முதல் தேவை வாய். அது திறக்காத நாளில் கொள்கை எதிர்க்கட்சிக்குப் போய்விடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான்.

ஞானப்பல்லைப் பிடுங்கிய மறுநாளே என் தாடை பூட்டிக்கொண்டது. “சில பேருக்கு இப்படி ஆகும், ஒரு வாரத்துல சரியாயிடும். தையல் போட்டிருக்கு, தலையை மட்டும் ஆட்டாதீங்க” என்றார் தியாகராய நகர் பல் மருத்துவர். அன்று மாலை கோபாலபுரத்தில் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. தள்ளிப்போடலாம் என்றாள் அம்மா. நான் விளைவுகளைச் சீர்தூக்கிப் பார்த்தேன். அங்கே வடைக்கு உளுந்து ஊறியிருக்கும். அதை வீணாக்க எனக்கு என்ன உரிமை? (சமூகப்பணி படித்தவன் இப்படித்தான் யோசிப்பான்.) தவிர, வரதட்சணை வேண்டாம் என்பதை என் வாயாலேயே சொல்வதாகக் கல்லூரியில் சபதம் செய்திருந்தேன்.

“இன்னா நைனா, ஒரு பக்கம் லட்டை அடக்கிக்கினு வர்ற?” என்றார் ஆட்டோக்காரர்.

பெண்ணின் அப்பா நேரடியாகவே விஷயத்துக்கு வந்தார். “தம்பி, ஓப்பனா கேக்குறேன். நகை, கிகை ஏதாவது எதிர்பார்க்குறீங்களா?”

நிமிர்ந்து உட்கார்ந்து, “வேணாம்” என்றேன். ‘ஆ’வன்னாவுக்குத் தாடை இறங்க வேண்டுமே! இறங்கவில்லை. “வேணும்” என்று வந்தது.

அவர் முகம் சுருங்கியது. நான் பதறி, “ஒண்ணும் வேணும்!” என்றேன்.

“ஒண்ணும்னா... எதெதுங்க? கார் மாதிரியா?”

“வேணும்! வேணும்!” மேசையைத் தட்டினேன். டம்ளர் கவிழ்ந்தது. உதவிக்கு அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்த காலண்டரை மிகுந்த ஈடுபாட்டுடன் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்துவிட்டார். அப்போது உள்ளறை வாசலில் நின்ற பெண், காவ்யா, கேட்டாள்: “ஏங்க, ஒரு ‘ஆ’ சொல்லுங்க.”

“ஊ.”

“இன்னும் பெருசா.”

“ஊஊ.”

“அப்பா, அவர் வேணாம்னுதான் சொல்றாரு. வாய்தான் திறக்கலை.”

வீடே சிரித்தது. அப்பா மீண்டும் அமர்ந்து, கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: “சரி தம்பி, எங்க பொண்ணு வேணுமா?”

“வேணும்!”

சிரிப்பு நின்றது. “இது வேணுமா, வேணாமா?”

பயத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டிய வேகத்தில் தையல் சுரீரென்று இழுத்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“இது அசல் ‘வேணும்’தான்பா” என்றாள் காவ்யா.

இன்றும் மாமியார் வீட்டுப் பந்தியில் என் ‘வேண்டாம்’ செல்லாது. அத்தனை பல்லும் தெரிய ‘ஆ’ போட்டுச் சொன்னாலும், “மாப்பிள்ளை வேணும்ங்கிறார்” என்று இன்னொரு வடை விழும்.

அம்மாவுக்குத்தான் ஆற்றாமை தீரவில்லை. என் ஸ்கூட்டர் மழையில் நின்றுபோகும் போதெல்லாம் சொல்கிறாள்: “அன்னைக்கு அவளும் வாயைத் திறக்காம இருந்திருந்தா, ஒரு காராவது வந்திருக்கும்.”