மான் அட்டை தேவை

மூன்றாவது மான் அட்டையும் தபாலில் வந்து சேர்ந்தபோது ஜெயந்தினிக்குத் தன் தந்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

"இன்னும் எத்தனை மான் வாங்கப் போற?" என்றார் கணவர் சிவஞானம். பதுளையில் அவர்களுடைய துணிக்கடையில் அன்று வியாபாரம் மந்தம்.

"மெதுவா பேசுங்க."

அவளுக்கு வேண்டியது மான் அல்ல, எறும்புதின்னி. சின்ன வயதில் பபிள்கம்மோடு வந்த மிருகப்பட அட்டைகளை அவளும் தம்பி மதுரனும் சேர்ந்துதான் சேகரித்தார்கள். எறும்புதின்னி மட்டும் அகப்படவே இல்லை. பிறகு அப்பாவின் வீட்டைப் பிரித்ததில் சண்டை வந்து, அட்டைகளையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, மதுரன் பேச்சை நிறுத்திவிட்டுப் பண்டாரவளைக்குப் போய்விட்டான். அவன் தயவில்லாமலே முழு செட்டையும் சேர்த்துக் காட்டுவது என்று ஜெயந்தினி பிடிவாதமாக இருந்தாள். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் சேர்த்தும் விட்டாள்.

கடைசி அட்டை எதுவென்று வெளியே தெரிந்தால் விலை எகிறிவிடும். அதனால் பேஸ்புக் குழுவில், 'மான் அட்டை தேவை' என்று போட்டாள். மான் தருகிறவரிடம் இருக்கும் மற்ற அட்டைகளையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. பசறையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் மான்கள் வந்தன. வேண்டாமென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வாங்கினாள். அவள் வாங்க வாங்க, மானில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் மானைப் பதுக்கினார்கள்.

வெலிமடை மரக்கறி வியாபாரி ஹுமைதிடம் எறும்புதின்னி இருப்பதாக ஒருநாள் தெரியவந்தது. போன் செய்து, அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே அழைத்தாள்.

"நானா, உங்க அட்டையெல்லாம் பார்க்க வரலாமா?"

"மான் தேடுற தங்கச்சிதானே? என்கிட்ட மான் இல்லையே."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "பரவாயில்ல, மத்ததைச் சும்மா பார்க்கிறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

பஸ்ஸில் சிவஞானம் மெல்ல ஆரம்பித்தார். "மதுரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அவனும் தேடியிருப்பான்ல."

"அவன் ஏங்க எனக்காகத் தேடப் போறான்?"

பஸ் வெலிமடையில் நின்றதும் அவள்தான் முதலில் இறங்கினாள்.

ஹுமைத் லீக்ஸ் மூட்டைகளை ஒதுக்கி உட்காரவைத்து, தேநீரும் ஓர் உறையும் கொடுத்தார். உள்ளே மான். மடங்காத, அழுக்குப்படாத மான்.

ஜெயந்தினி அவருடைய அட்டை ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இல்லை. அவளை மீறிக் குரல் எழுந்தது. "எறும்புதின்னி இருக்குன்னாங்களே நானா?"

"அதைக் கொடுத்துத்தான் தங்கச்சி உங்களுக்கு மான் வாங்கினேன். பண்டாரவளையில மதுரன்னு ஒருத்தர். அவரோட அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்து அது ஒண்ணுதான் கிடைக்கலையாம்."