மழைமானிக்குக் கட்டிய கொட்டகை

கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் தொழிற்பேட்டையில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அறிவியல்பூர்வமாக ஆராய்ந்து கால்வாய் வெட்டுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. அங்கே பிடித்தது சனி.

மழையை அளந்தால்தான் கால்வாய்க்கு அகலம் சொல்ல முடியுமாம். உதவிப் பொறியாளர் பூவராகவன் ஆபீஸ் வாசலில் பளபளவென்று ஒரு மழைமானியை நட்டார். முதல் மழையிலேயே அது நனைந்துவிட்டது. தணிக்கைக்கு வந்தவர் பதறிப்போய், அரசாங்கச் சொத்தை இப்படியா மழையில் போட்டுவைப்பது, துருப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதானே. பூவராகவன் உடனே தகரக் கொட்டகை போட்டு மானியைக் காப்பாற்றினார். நடுவில் ஒருமுறை கொட்டகை ஒழுகி மானிக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது. அதையும் அன்றே தார் பூசி அடைத்தார். கடமை உணர்ச்சி என்றால் அப்படி.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து லேப்டாப்போடு நிபுணர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் எதையும் திரையில் கலர் கலராகக் காட்டினால்தான் உண்மை. காட்டினார்கள். மழை அளவு தரையோடு படுத்துக் கிடந்தது. ஆகவே, ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், அரை ஜாண் அகலத்தில் கால்வாய் போதும் என்று தீர்மானமாயிற்று. திறப்பு விழாவன்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. பூவராகவன் குடை பிடித்துக்கொண்டு ரிப்பன் வெட்டினார்.

கேட்டுக்கு எதிரே நாஷ்டா கடை வைத்திருக்கும் ரோசம்மாளுக்கு அன்றும் அடுப்பு முழுகிவிட்டது. மழைக்கு மழை இதே பேஜாருதான். அடுப்பு எரியாவிட்டால் அவள் ஊட்டிலும் உலை கிடையாது. முட்டி வரை நனைந்த புடவையோடு நேரே ஆபீசுக்குப் போனாள். வெல்டிங் ஷாப்பை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

"கட உள்ள தண்ணி நிக்குது சார். நீயே வந்து பாரு."

"மழையே பதிவாகலையேம்மா. அது கணக்குல வராத தண்ணி."

"அப்போ நா இன்னா கணக்குல வராத தண்ணிலயா நின்னுக்கினு கீறேன்?"

பூவராகவன் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மறுநாள் பேட்டையே திரண்டு ஆபீசை முற்றுகையிட்டது. ரோசம்மாள்தான் முன்னால். கொட்டகையை நாங்களே பிரித்து எறிந்தோம். அந்த ஐப்பசியில் மானி நிரம்பி வழிந்தது. நாங்கள் பட்டாசு வெடித்தோம்.

புதுக் கணக்குப்படி லாரி போகிற அகலத்துக்குக் கால்வாய் வேண்டும் என்று வந்தது. இந்தத் தடவை கணக்கு சரி. அடுத்த மழையில் மானி என்ன காட்டுகிறது என்று பார்த்து உறுதி செய்துகொண்டு வேலை தொடங்குவார்களாம். அதற்குள் ஆட்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பழைய ஓடை போன வழிதான் கோடு. கோடு ரோசம்மாள் கடை அடுப்புக்கு நடுவே போயிற்று. அசன் முகைதீன் பாய் ரீசார்ஜ் கடையைத் தாண்டி, எங்கள் சங்கக் கட்டடத்துக்குள் புகுந்து, பூவராகவனின் ஸ்கூட்டர் ஷெட்டில் போய் முடிந்தது. ஓடையைத் தூர்த்து அதன் மேல்தான் நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மறுபடி வானம் இருட்டியது. ரோசம்மாள் கடைத் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். நாங்களும் ஓடினோம். மழைமானிக்கு மேல் தார்ப்பாயை விரித்து, ஒரு மூலையை அவள் பிடித்தாள், ஒன்றை அசன் முகைதீன் பாய், ஒன்றை நான். நாலாவது மூலைக்கு ஆள் இல்லாமல் தவித்தபோது பூவராகவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பிடித்தார்.

மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் எங்கள் முட்டியைத் தாண்டி ஏறியது. எதிரே நாஷ்டா கடை அடுப்பு முழுகிக்கொண்டிருந்தது. ரோசம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லா இழுத்துப் புடி சார்," என்றாள். "ஒரு சொட்டு உள்ள வுழக் கூடாது."