தூங்கிப்போன வைஃபை குச்சி

சிக்கனத்தில் ஒரு போதை இருக்கிறது. ஃபேனை அணைப்பதில் ஆரம்பிக்கும். எனக்கு அது லேப்டாப் வரை போய்விட்டது.

என்னுடையது லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். உள்ளே இருந்த வைஃபை செத்துவிட்டதால், பக்கவாட்டில் யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றைச் செருகியிருந்தேன். பார்க்கத்தான் சின்னது, பேட்டரியை அது குடித்த குடி கொஞ்சமல்ல. அதனால் வேலையில்லாதபோது குச்சி தானாகத் தூங்கும்படி செட்டிங்கை மாற்றினேன். பேட்டரி கூடுதல் நேரம் நின்றது. (அன்று நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், சித்தூருக்கே கரண்ட் கொடுப்பவள் நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.)

அந்த வாரமே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டீபன் குவைத்தில் இருந்தார். அவருடைய பெற்றோர் மட்டும் திருப்பதியிலிருந்து வந்திருந்தார்கள். அவர் வீடியோவில் கூப்பிடுவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை.

"போன்லயே பேசிக்கலாமேம்மா," என்றார் நைனா. (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்.)

"எல்லாரும் பாக்கணும் இல்ல நைனா," என்று சொல்லி, அவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை டீப்பாயில் கொலுவைத்தேன். பெரியவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுத்தைக்கூடப் பெரிதாக்கினேன்.

காத்திருந்தோம். லேப்டாப்பை யாரும் தொடவில்லை. குச்சிக்கு வேலையில்லை. சொன்னபடி தூங்கிவிட்டது.

கேசரி தீர்ந்தும் அழைப்பு வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"பிஸின்னு வருது. யாரோடயோ பேசிக்கினு கீறான்," என்றார்.

"இந்த நேரத்துல யாரோட?" என்றார் அவர் கணவர். நைனா முகம் இறுகியது.

"பையனுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடலாங்க," என்றார் நைனா மெதுவாக.

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். நெட்வொர்க் குறிமேல் ஒரு பெருக்கல் அடையாளம். குச்சிக்குத் தூங்கத் தெரிந்ததே தவிர, எழுந்திருக்கத் தெரியவில்லை. பிடுங்கித் திரும்பச் செருகினேன். நின்றுபோயிருந்த செய்தியெல்லாம் சுவரொட்டி அளவு எழுத்தில் வந்து விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேப்பர் படிக்கிற குரலில் உரக்கப் படித்தார்.

"லைன்ல இருக்கீங்களா? எத்தினி வாட்டி கூப்பிட்டாலும் போகல. என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. நான்தான் வேணாம்னு சொன்னதா அம்மாகிட்ட சொல்லிக்கிறேன். உங்களுக்குத் திட்டு விழாது."

மாப்பிள்ளையின் அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இவனா எழுதினான்?" என்றார். "ஊட்ல வாயே தொறக்க மாட்டானே."

உடனே அழைப்பு வந்தது. பதற்றத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல், யூஎஸ்பி குச்சி எவ்வளவு கரண்ட் குடிக்கும், அதை ஏன் தூங்க வைத்தேன் என்று முழுப் பாடமும் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க. அப்போ என்னப் புடிச்சிருக்கா?" என்றார்.

சித்தூர் சர்ச்சில் திருமணம். "சம்மதமா?" என்று போதகர் ஐயர் கேட்டபோது நான் பதில் சொல்ல ஒரு நொடி தாமதமானது. முன்வரிசையிலிருந்து மாமியார் குரல் கணீரென்று வந்தது:

"டேய் ஸ்டீபா, புடுங்கிச் சொருவுடா."

ஐயர் உட்பட மொத்தச் சபையும் சிரித்து முடித்த பிறகுதான் என்னால் "சம்மதம்" சொல்ல முடிந்தது. இன்றைக்கும் நான் கோபத்தில் பேசாமல் உட்கார்ந்தால், வீட்டில் யாரும் சமாதானம் செய்வதில்லை. கையைப் பிடித்து எழுப்பி, பக்கத்து நாற்காலியில் மாற்றி உட்கார வைக்கிறார்கள்.