என் பெருவிரல் விஷயம் ஃபைலுக்கு எப்படித் தெரிந்தது

இனி என் வாழ்க்கையில் ஒரு வேலையும் தப்பாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். மறதிக்காரன் சபதம் எடுத்தால் முதலில் அதை எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தேன். வம்பு அங்கேதான் தொடங்கியது.

என் பெயர் ராஜவேல். வீடு பெரம்பலூரில். வேலை அரியலூரில், சுண்ணாம்புக்கல் லாரிகளை அனுப்பிவைக்கும் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில். எந்த லாரி எந்தச் சுரங்கத்து வாசலில் நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வரும்போது கொத்தமல்லி வாங்கி வாங்க என்றால் கறிவேப்பிலையோடு வந்து நிற்பேன்.

என் மனைவி அனுசுயா உடையார்பாளையத்துக்காரி. குரும்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முட்டை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளைக் குரலே உயர்த்தாமல் சாப்பிட வைத்துவிடுவாள். எனக்கு அந்த உயராத குரல்தான் பயம். கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம். மெதுவாகப் பேசுகிறவளிடம் என்ன செய்வது?

அவள் கொஞ்ச நாளாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, குடம் குடமா தண்ணி குடிக்கிறீங்க. அப்பறம் அதுக்கே எந்திரிச்சு எந்திரிச்சுப் போறீங்க. ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வந்துருங்க."

"நோட் பண்ணிக்கிட்டேன்."

"எங்க?"

"மனசுல."

"அதுல இடம் இருக்கா?"

எனக்கு ஊசி பயம் என்று நீங்கள் நினைக்கலாம். ஊசியும் பயம்தான். அதைவிட, அந்தச் சீட்டில் அச்சடித்து வரப்போகும் எண் பயம். என் அப்பாவுக்கும் இப்படித் தாகத்தில்தான் ஆரம்பித்தது. அப்புறம் கால் பெருவிரல் மரத்தது. அப்புறம் அந்த விரலே இல்லை. எனக்கும் வலது கால் பெருவிரல் சில நாளாகவே ரப்பர் மாதிரி இருந்தது. இதை நான் ஒரு ஈ காக்கையிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரன் அறிவரசன்தான் வேலைகளை மறக்காமல் எழுதி வைக்க எனக்கு ஒரு முறையைக் காட்டினான். ஆப் எதுவும் கிடையாது. பட்டன், படம், பொம்மை கிடையாது. ஒரே ஒரு ஃபைல். அதில் வெறும் எழுத்து. வரியின் முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டால் தலைப்பு. இரண்டு போட்டால் உள்தலைப்பு. 'செய்யணும்' என்று அடித்துத் தேதி போட்டால் அன்றைக்கு அது மேலே வந்து நிற்கும். செய்து முடிக்கும்வரை சிவப்பாகவே நிற்கும். என் ஜாதகத்தில் இல்லாத நட்சத்திரங்களெல்லாம் ஒரே வாரத்தில் என் ஃபைலில் வந்துவிட்டன.

ஆபீஸ் லேப்டாப்பில் ஃபைல். வீட்டில் எங்கள் மகள் விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன பழைய டேப்பிலும் அதே ஃபைல். இங்கே எழுதினால் அங்கே போய்ச் சேரும். அந்த டேப்பை ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து அனுசுயாவுக்கு வகுப்பே எடுத்தேன்.

"இது வெறும் எழுத்து அனு. எந்த மெஷின்லயும் தெறக்கும். யாரு வேணும்னாலும் படிக்கலாம், திருத்தலாம். இன்னும் அம்பது வருஷம் கழிச்சும் தெறக்கும்."

"ரத்தம் குடுக்கறது எந்த வருஷத்துல இருக்கு?"

"திங்கக்கிழமை. பாரு, எழுதியிருக்கேன்."

அவள் பார்த்தாள். தலையாட்டிவிட்டு வாழைப்பூ ஆயப் போய்விட்டாள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த முறையில் எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸ் என்பதும் ஒரு எழுத்து ஃபைல்தான். நான் அதில் உட்கார்ந்து ஒரு குறுக்குவழி செய்திருந்தேன். ஒரே ஒரு தட்டு. வேலை அடுத்த வாரத்துக்குப் போய்விடும். அதற்குத் 'தள்ளு' என்று பெயர் வைத்தேன். திங்கட்கிழமை வந்தது. ரத்தப் பரிசோதனை சிவப்பாக நின்றது. தட்டினேன். போயிற்று. இவ்வளவு சுலபமாக ஒரு பயத்தை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் லேப்டாப்பைத் திறந்தேன். ரத்தப் பரிசோதனை. இன்று. சிவப்பு.

தள்ளினேன். புதன்கிழமை திறந்தேன். இன்று. சிவப்பு.

முதுகில் வேர்த்தது. தப்பு என் செட்டிங்ஸில்தான் என்று நினைத்தேன். மாதாமாதம் திரும்பி வரும் வேலைக்குத் தேதியோடு ஒரு குறி சேர்ப்போம். அதை முடித்தாலும் மறுபடி முளைக்கும். கை தவறி இதிலும் சேர்த்திருப்பேன் என்று தேடினேன். இல்லை. எதற்கும் அந்தக் குறியையே ஃபைல் முழுக்க அழித்தேன். கேஸ் புக்கிங், வாடகை எல்லாம் திரும்பி வருவது நின்றுபோயிற்று. ரத்தப் பரிசோதனை மட்டும் வந்தது.

செட்டிங்ஸில் பாதி வரிகளை நிறுத்திவைத்துப் பார்த்தேன். வந்தது. அந்தப் பாதியை விட்டு மறுபாதியை நிறுத்தினேன். வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். கலர் போயிற்று, தலைப்பு மடிவது போயிற்று. வெறும் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் அது மட்டும் நின்றது. ரத்தப் பரிசோதனை. இன்று. பிழையைத் தேடித் தேடி என் பிழைப்பு போனது. ஆலத்தியூர்ப் பக்கம் போக வேண்டிய லாரியைச் செந்துறைக்கு அனுப்பி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறிவரசனிடம் போனேன்.

"தம்பி, இந்த ஃபைல்ல என்னமோ புகுந்துருக்கு."

"வைரஸா? வெறும் எழுத்துல எப்படிண்ணே புகும்?"

"வைரஸ்னு சொல்லல. என்னமோ."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நாம தெறந்து வச்சிருக்கறப்ப ஃபைல் வெளியில மாறினா, மாறிடுச்சு, புதுசைப் படிக்கவான்னு கேக்குமே. கேக்கலியா?"

"அது சும்மா சும்மா கேட்டுச்சு. தொந்தரவா இருக்குன்னு நிறுத்திட்டேன்."

"ஏண்ணே நிறுத்தினீங்க. அதுதானே காவக்காரன். வூட்டுல டேப்புல யாராச்சும்..."

"வூட்டுல யாரு? அனுசுயாவா? அவளுக்கு டேப்புல சீரியல் பாக்கத்தான் தெரியும்."

அறிவரசன் ஏதோ சொல்ல வந்து, சிரிப்பை அடக்கி, தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். பயந்தவனுக்குப் பேய் தெரியும், பெண்டாட்டி தெரியமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. அனுசுயா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "பால் திரிஞ்சிடுச்சுங்க. காப்பி இல்ல. டிபனும் கொஞ்சம் லேட்டாகும்."

சரி என்று, பிழை தேட வீட்டுக்கே கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்தேன். ரத்தப் பரிசோதனை வழக்கம்போல் சிவப்பாக நின்றது. அது பழகிவிட்டது. அதற்குக் கீழே இரண்டு நட்சத்திரத்தோடு ஒரு புது வரி இருந்தது. நான் அடிக்காத வரி.

வலது கால் பெருவிரல். உணர்ச்சி இல்லை. மறைக்கக் கூடாது.

என் கை கீபோர்டில் அப்படியே நின்றது. இந்த விஷயம் தெரிந்த உயிர் உலகத்தில் நான் ஒருவன்தான். மெதுவாகக் குனிந்து மேஜைக்கடியில் காலைப் பார்த்தேன். பெருவிரல் நுனியில் நகத்தை ஒட்டி ஒரு வெட்டு. ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எப்போது பட்டது என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை.

வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தள்ளு தட்டத் தோன்றவில்லை. சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"ஆபீசுக்குச் சீக்கிரம் போவணும் அனு."

"டிபன்?"

"வேணாம்."

"சரி, போயிட்டு வாங்க," என்றாள். அவள் மறுபேச்சுப் பேசாமல் என்னைப் பட்டினியாக அனுப்பியது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அரியலூர் பஸ் ஏறவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அனுசுயா அடிக்கடி சொல்லும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்னால் வந்து நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி டீக்கடைப் பக்கம் நடந்தேன். அந்தச் சிவப்பு வரி கண்ணுக்குள் நின்றது. இது காலையில் விரலைச் சொன்னது, சாயங்காலம் எதைச் சொல்லுமோ. மறுபடி திரும்பி, கண்ணை மூடாத குறையாக உள்ளே நுழைந்தேன்.

மேஜையில் இருந்த பெண் கழுத்தில் கீதாஞ்சலி என்று அட்டை தொங்கியது.

"சார் பேரு?"

"ராஜவேல்."

"வாங்க சார், உக்காருங்க. உங்க பேரு ஏற்கனவே போட்டாச்சு. எதுவும் சாப்பிடலியே?"

"இல்ல. ஆமா, யாரு போட்டது?"

"அனுசுயா மேடம் காலையில போன் பண்ணாங்க. வெறும் வயித்தோட அனுப்பறேன், வாசல்ல கொஞ்சம் அங்கயும் இங்கயும் நடப்பாங்க, கூப்பிடாதீங்க, தானா வருவாங்கன்னாங்க." கையை நீட்டச் சொன்னாள். "இறுக்கி மூடிக்கங்க சார்."

நான் மூடினேன். கையை அல்ல, வாயை.

அன்றைக்கு லீவு சொன்னேன். மத்தியானம் எண் வந்தது. சர்க்கரை இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டபோது நெஞ்சுக்கு மேல் ஒரு செங்கல் வைத்தது மாதிரி இருந்தது. அங்கிருந்து நேராக டாக்டர் வெற்றிச்செல்வியிடம் போனேன். அவர் காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொல்லி, விரல் விரலாக எதையோ வைத்துத் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். பெருவிரலில் மட்டும் தெரியவில்லை. காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார்.

"விரல் போயிடுமா டாக்டர்?"

"இப்ப வந்துட்டீங்க, போகாது. மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டு, தினம் காலைப் பாத்துக்கிட்டா போதும். இன்னும் ஒரு மாசம் தள்ளியிருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் சாத்தியிருந்த ஒரு ஸ்கூட்டர் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது என் ஸ்கூட்டர் இல்லை. அப்பாவை நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது. பிறகு அனுசுயாவை நினைத்தேன். கோபம் வந்தது. பயம் போய்க் கோபம் வந்தால் மனுஷன் தெம்பாக இருக்கிறான் என்று அர்த்தம்.

சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தாளை மேஜையில் வைத்தேன். படித்தாள். இரண்டு தடவை படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். மூச்சு விட்டாள்.

"இப்ப நான் கேக்கறேன்," என்றேன். "ஃபைல்ல எழுதினது நீதானே?"

"ஆமாங்க."

"எப்படி?"

"நீங்கதான சொன்னீங்க, வெறும் எழுத்து, யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு. தேதியை அழிச்சேன். வேற தேதி அடிச்சேன். அதுல என்ன இருக்கு?"

"பெருவிரல் விஷயம்?"

"நேத்து சாயந்தரம் வாசப்படியில இடிச்சிக்கிட்டு வந்தீங்க. ஹால் டைல்ஸ் பூரா ரத்தம். அது மேலயே மிதிச்சிக்கிட்டுப் போயி டீவி முன்னாடி உக்காந்தீங்க. உங்களுக்குத் தெரியவே இல்ல." குரல் உயரவில்லை. ஆனால் ஓரத்தில் லேசாக ஆடியது. "நான்தான் தொடைச்சேன்."

"அப்பவே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

வாயைத் திறந்தேன். நோட் பண்ணிக்கிட்டேன் என்றுதான் வந்திருக்கும். மூடிக்கொண்டேன்.

"நான் சொன்னா தள்ளிருவீங்க," என்றாள். "அது சொன்னா பயப்படறீங்க. அறிவரசன் தம்பிதான், அண்ணே இங்க வேர்த்துக்கிட்டுக் கெடக்கறாரு அண்ணி, விடாதீங்கன்னு போன் பண்ணுச்சு."

ஊரே சேர்ந்துதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. என்னைத் தவிர. ஆனாலும் ஒரு ஆண்பிள்ளைக்கு என்று கொஞ்சம் மரியாதை வேண்டும் அல்லவா.

"சரி, நடந்தது நடந்துடுச்சு. ஆனா இனிமே என் ஃபைல்ல கை வைக்கக் கூடாது. பாஸ்வேர்டு போடப்போறேன்."

"தாராளமா போட்டுக்கங்க. எனக்கு அது இனிமே வேணாம்."

இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்தது எனக்கு நல்லதாகப் படவில்லை.

"ஏன் வேணாம்?"

"நானும் ஒண்ணு வச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கு, எதையும் மறக்கறதில்ல," என்று தன் போனை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒழுங்காகத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுதியிருந்தாள். கேஸ் சிலிண்டருக்குக் கீழே, கிரைண்டர் ரிப்பேருக்கு மேலே, நான் ஒரு தலைப்பாக இருந்தேன்.