பெட்டி எங்கே, விசில் சார்?

"பெட்டி எங்கே?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, விசில் சார் சட்டென்று காலைக் கீழே இறக்கிச் செருப்பைத் தேடினார்.

"எந்தப் பெட்டி சார்?"

"உடற்கல்வி வகுப்புக்குன்னு போன வருஷம் மேலிடத்துல இருந்து உபகரணம் அனுப்பினாங்களே, அந்தப் பெட்டி. அதை வச்சு நீங்க எப்படிப் பாடம் நடத்துறீங்கன்னு பார்க்க ஆய்வாளர் அம்மா வந்துட்டிருக்காங்க."

அவர் நீட்டிய தாளில் ஒரு படம். குழந்தைகள் ஒரு பெரிய வண்ணத் துணியைச் சுற்றி நின்று பிடித்திருந்தார்கள். பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகள், கைக்கு அடக்கமான குட்டிப் பைகள்.

"இதெல்லாம் என் கைக்கு வரவே இல்லையே சார்."

"அப்போ உடற்கல்விக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேட்பாங்க. எனக்குப் பதில் தெரியாது. மாத்தல்தான்."

விசில் சார் ஊர் ஊராக மாற்றலில் அலைந்த மனிதர். மகளை இதே பள்ளியில் சேர்த்து, "இனிமே நான் மூட்டை கட்ட மாட்டேன்" என்று மனைவி திட்டவட்டமாகச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அனுப்பிய பெட்டி எங்கே போயிருக்கும்? யோசித்தபோது பளிச்சென்று புரிந்தது. மத்தியானம் தான் கொஞ்சம் கண்ணயர்கிற நேரம் பார்த்து, ஆளாளுக்குப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கொள்ளைக் கூட்டத்தோடா இத்தனை நாள் உட்கார்ந்து டீ குடித்தோம் என்று அதிர்ந்து போனார்.

முதல் ஆதாரம் வாசலிலேயே நின்றது. வண்டிகள் நுழையாமல் இருக்க வாட்ச்மேன் வரிசையாக வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகள்.

"சார், அதை ஏன் அள்ளுறீங்க? வண்டி உள்ள வந்துடும்."

"பள்ளிக்கூடச் சொத்துல கை வைக்க வெட்கமா இல்ல?"

வாட்ச்மேன் சொன்னதுதான் நடந்தது. கூம்புகள் போன கையோடு ஒரு தண்ணீர் லாரி உள்ளே வந்து மைதானத்தின் நடுவில் நின்று, ஒழுகத் தொடங்கியது. ஓட்டுநர் சாப்பிடப் போய்விட்டார்.

நூலகத்தில் அடுத்த அதிர்ச்சி. நூலக மேடத்தின் கழுத்தின் மேலேயே ஒரு குட்டிப் பை இருந்தது.

"மேடம், நீங்களுமா?"

"நான் என்ன பண்ணேன்? கழுத்துவலிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி டாக்டர்..."

"டாக்டரை இதுல இழுக்காதீங்க."

அவர் வெடுக்கென்று பிடுங்கியதில் மேடத்தின் கழுத்து ஒரு பக்கமாகச் சுளுக்கிக்கொண்டது. திரும்ப முடியாமல், பக்கவாட்டாகவே நடந்து, திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

துணி எங்கே? கார் நிறுத்துமிடத்தில் இருந்தது, தலைமையாசிரியரின் காரைப் போர்த்திக்கொண்டு. பெட்டியைக் கேட்டு மிரட்டியவரே பங்காளியா? உருவிப் பார்த்தால் துணியின் இரண்டு பக்கமும் காது மாதிரி பைகள் தொங்கின. வெளிநாட்டு மாடலாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டார்.

ஆய்வாளர் அம்மா சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். விசில் ஒலித்தது. பிள்ளைகள் துணியைச் சுற்றிப் பிடித்துக் குட்டிப் பையை மேலே தூக்கிப் போட்டார்கள். பை கிழிந்து பயறு கொட்டியது. பயறில் வழுக்கிய வகுப்பு மொத்தமும் துணியோடு சேற்றில் போய் விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆய்வாளர் அம்மா நெற்றியைச் சுருக்கினார். "இதுல எதுவுமே நாங்க அனுப்பினது இல்லையே."

"அந்தக் கூம்பு, ரோடு போட்டவங்க வேண்டாம்னு விட்டுட்டுப் போனதும்மா" என்றார் வாட்ச்மேன்.

"பை நானே தைச்சது" என்றார் மேடம், வேறு திசையைப் பார்த்தபடி.

தலைமையாசிரியர் சேற்றிலிருந்து துணியின் ஒரு காதைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. "இது என் வீட்டம்மா திரைச்சீலையில தைச்ச கார் உறை. இன்னைக்கு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

விசில் சாருக்கு, மனைவி கட்ட மாட்டேன் என்ற மூட்டைகள் கண்முன் வந்து போயின.

"அப்போ பெட்டி?" என்றார் ஆய்வாளர் அம்மா. "நீல சீல் ஒட்டி அனுப்பினோமே, அது எங்கே?"

"திருடு போயிடுச்சும்மா. இவங்க எல்லாருமா சேர்ந்து கூட்டுக் களவாணித்தனம் பண்ணிட்டாங்க. என் தப்பு ஒண்ணுமில்ல. ஒரு நாளாவது நான் அந்தப் பெட்டியைக் கண்ணால பார்த்திருந்தா கேளுங்க."

டீத் தட்டோடு வந்த ஆயா நின்றாள்.

"நீல சீல் ஒட்டின பெட்டியா? அது எங்கேயும் போகலையேம்மா. சார் தினமும் மத்தியானம் காலைத் தூக்கி வச்சுத் தூங்குறாரே, அதுதான்."